ஒரே விலானில் 9000-மும் 1500-மும்: சேர்த்து ஓட்டலாமா?

இரவுக்காவலன்: ஸ்டோரேஜ் பெட்டியிலும் இரண்டு சர்வரிலும் எம்டியூ (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) 9000 பைட் வைத்திருக்கிறேன். அதே விலானில் (ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்) பிரிண்டர், கேமரா, பழைய பிசி எல்லாம் 1500. ஸ்விட்சில் ஜம்போ (1500-ஐத் தாண்டிய பெரிய ஃப்ரேம்) ஆன். இப்படியே விடலாமா, பிரிக்கணுமா?

கம்பிவேலன்: தாராளமாக விடலாம். டிசிபி இணைப்பு தொடங்கும்போதே இரண்டு பக்கமும் தன் எம்எஸ்எஸ் (ஒரு பாக்கெட்டில் வாங்கக்கூடிய டேட்டா) அளவைச் சொல்லிவிடும். சர்வர் 8960 என்னும், பிசி 1460 என்னும். பிசிக்கு அனுப்பும்போது சர்வர் 1460-ஐத் தாண்டாது. சும்மா பயமுறுத்துகிறார்கள்.

சல்லடை: டிசிபி மட்டும்தான் ஓடுகிறதா அங்கே? இணைப்புத் தொடங்காமலே அனுப்பும் யுடிபியில் இந்தப் பேரம் கிடையாது. ஒரே சப்நெட் என்பதால் நடுவில் ரவுட்டரும் இல்லை, "பாக்கெட் பெரிசு" என்று ஐசிஎம்பி (பிழை சொல்லும் செய்தி) அனுப்ப ஆளில்லை. 4000 பைட் யுடிபியை சர்வர் ஒரே ஃப்ரேமாகத் தள்ளும். 1500-இல் இருக்கும் நெட்வொர்க் கார்டு பெரும்பாலும் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும்.

கம்பிவேலன்: பிரிண்டருக்கு யாருங்க 4000 பைட் யுடிபி அனுப்புகிறார்கள்? கேமராவே 1500-தான், அது அனுப்புவதை எல்லாரும் வாங்கிக்கொள்வார்கள்.

சல்லடை: இன்றைக்குச் சரி. நாளை யாராவது ஜம்போ தெரியாத குட்டி ஸ்விட்சை நடுவில் செருகுவார். இரண்டு முனையும் 9000, அதனால் எம்எஸ்எஸ் 8960 என்று முடிவாகிவிடும். பிங் போகும், எஸ்எஸ்எச் லாகின் ஆகும், எல்லாம் சின்ன பாக்கெட்தானே. பெரிய டைரக்டரியில் பட்டியல் கேட்டு எல்எஸ் அடித்ததும் திரை அப்படியே உறைந்து நிற்கும். எல்லாரும் ஃபயர்வாலைக் குடைவார்கள்.

கம்பிவேலன்: அது கலப்பின் குற்றமா? விலான் முழுக்க 9000 வைத்தாலும் அந்த ஸ்விட்ச் அதையேதான் செய்யும். லினக்ஸில் எம்டியூ ப்ரோபிங்கை ஆன் செய்தால் டிசிபி தானே அளவைக் குறைத்துக்கொள்ளும்.

சல்லடை: குற்றம் ஸ்விட்சுடையதுதான். ஆனால் ஸ்டோரேஜுக்குத் தனி விலான் இருந்தால் அதில் கண்டதைச் செருக யாருக்கும் வேலையே இல்லை. இரண்டு விலானுக்கும் நடுவில் ரவுட்டர் வந்துவிடும். ஐபிவி4 என்றால் துண்டாக்கும், டிஎஃப் பிட் ("துண்டாக்காதே" என்ற குறி) இருந்தால் ஐசிஎம்பி அனுப்பும். ஐபிவி6-இல் துண்டாக்காது, சொல்ல மட்டும் செய்யும். தயவுசெய்து ஐசிஎம்பியை அடைத்து வைக்காதீர்கள்.

தாமிரம்: இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. ஜம்போ எதற்கு? 1500-இல் ஒயரில் போவதில் சுமார் 95% உண்மையான டேட்டா, 9000-இல் 99%. ஒரு கிகாபிட்டில் நொடிக்கு 81,000 பாக்கெட் 13,800 ஆகும் என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் இப்போதைய கார்டுகள் டிஎஸ்ஓ என்ற வசதி மூலம் டேட்டாவைப் பாக்கெட்டாக வெட்டும் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. போதாததற்கு ஜம்போ ஈதர்நெட்டின் 802.3 தரத்திலேயே இல்லை. ஒருவர் 9000 என்பார், இன்னொருவர் 9216 என்பார்.

கம்பிவேலன்: 10 கிகாபிட் ஸ்டோரேஜில் அளந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

தாமிரம்: அவர் லிங்க் வேகத்தையே சொல்லவில்லையே!

இரவுக்காவலன்: 10 கிகாபிட்தான். சர்வர்களில் இரண்டாவது போர்ட் காலியாக இருக்கிறது, அதை ஸ்டோரேஜ் விலானில் போடுகிறேன். அந்த விலானுக்கு வெளியே போகும் கேட்வே வேண்டாம்தானே?

சல்லடை: வேண்டாம். மாற்றியதும் துண்டாக்கக் கூடாது என்று சொல்லி 8972 அளவில் பிங் அடியுங்கள். ஹெடர் 28 சேர்த்தால் 9000. இரண்டு திசையிலும்.

கம்பிவேலன்: பிரிப்பது நல்லதுதான். கட்டாயம் என்பதை மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.