இரண்டாவது தடவை பார்க்கும்போது டேனியல் கிரேக்கின் பாண்ட் படங்கள் எப்படி இருக்கின்றன? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

2006இல் 'காசினோ ராயல்' வந்தபோது நான் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. விடுதிப் பையன்கள் ஆறு பேர் சேர்ந்து போனோம். ஆங்கிலப் பிரதி, சப்டைட்டில் கிடையாது. மடகாஸ்கரில் கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் மேல், கிரேன் உச்சி வரை ஏறி ஓடுகிற அந்தத் துரத்தலுக்குக் கைதட்டினோம். அப்புறம் வந்த சீட்டாட்டம் எங்களுக்குப் பிடிபடவே இல்லை. முகங்களைப் பார்த்து யார் ஜெயிக்கிறார், யார் தோற்கிறார் என்று ஊகித்துக்கொண்டோம். கடைசியில் வெனிஸில் அந்த வீடு தண்ணீருக்குள் இறங்கும்போது பாண்டின் காதலி வெஸ்பர் லிஃப்ட் கூண்டைத் தானே பூட்டிக்கொண்டு சாகிறாளே, அது ஏன் என்று திரும்பி வரும் பஸ்ஸில் ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. 'துரோகி போல இருக்கு' என்று முடித்துக்கொண்டோம்.

இரண்டு வருடம் கழித்து சப்டைட்டிலோடு டிவிடியில் பார்த்தேன். அன்றைக்குத்தான் அவள் கழுத்தில் கிடந்த சங்கிலி கண்ணில் பட்டது.

சூதாட்டத்தில் ஜெயித்த பிறகு இருவரும் சாப்பிட உட்காருகிறார்கள். அந்தச் சங்கிலியில் இருப்பது அல்ஜீரியக் காதல் முடிச்சு என்று பாண்ட் கண்டுபிடித்துச் சொல்கிறான். ஏதோ அழகான பொருள் என்றுதான் நினைத்தேன் என்கிறாள் அவள். இல்லை, யாரோ கொடுத்தது, கொடுத்தவன் அதிர்ஷ்டசாலி என்கிறான் இவன். முதல் தடவை அது காதல் பேச்சாகத்தான் காதில் விழும். அந்த யாரோவைப் பணயமாகப் பிடித்து வைத்திருப்பதாகச் சொல்லித்தான் அவளை ஆட்டிவைக்கிறார்கள் என்பது படத்தின் கடைசியில் பாண்டின் மேலதிகாரியான 'எம்' என்ற பெண்மணியின் வாயிலிருந்து வருகிறது. அது தெரிந்துவிட்ட பிறகு இந்தச் சாப்பாட்டுக் காட்சியைப் பாருங்கள். அவள் முகத்தில் சிரிப்பு இருக்கிறது, கண்ணில் இல்லை. வெஸ்பராக வரும் ஈவா கிரீன் இந்தக் காட்சியை இரண்டாவது தடவை பார்ப்பவர்களுக்காகவே நடித்து வைத்ததுபோல எனக்குத் தோன்றுகிறது.

குளியலறைக் காட்சியும் அப்படித்தான். படிக்கட்டில் நடந்த கொலையைப் பார்த்துவிட்டு, போட்ட உடையோடு ஷவருக்கு அடியில் உட்கார்ந்திருப்பாள். கையில் இரத்தம் ஒட்டியிருக்கிறது, போகவே மாட்டேன் என்கிறது என்பாள். பாண்ட் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் விரல்களைத் தன் வாயில் வைத்துக்கொள்வான். அவள் எந்த இரத்தத்தைச் சொல்கிறாள் என்று முதல் தடவை நமக்குச் சந்தேகமே வராது. எதிரே இருப்பவனின் முகத்தைப் படிப்பதையே தொழிலாக வைத்திருக்கிறவன், சீட்டாட்ட எதிராளி லு ஷிஃப்ர் நெற்றிப்பொட்டில் விரல் வைப்பதை மேசைக்கு இந்தப் பக்கமிருந்து கவனிக்கிறவன், பக்கத்திலேயே இருக்கும் இவளைப் படிக்காமல் விட்டுவிட்டான். இதுவரை ஏழெட்டு தடவை பார்த்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அந்த ஷவர் காட்சியில் தொண்டை அடைக்கிறது.

இந்த மழைக்காலத்தில் ஐந்து படங்களையும் வரிசையாகத் திரும்பப் பார்த்தேன். 2006, 2008, 2012, 2015, 2021. 1962இல் 'டாக்டர் நோ'வில் தொடங்கிய இருபத்தைந்து படங்களில் கடைசி ஐந்து இவை. என் அபிப்பிராயம் இது: கதையில் ஒரு திருப்பத்தை ஒளித்து வைத்த படம் இரண்டாம் தடவை காலியாகிவிடுகிறது. ஒரு ஆள் தன் மனசுக்குள் எதையோ ஒளித்து வைத்த படம் நிறைகிறது. 'ஸ்பெக்டர்' என்னை இந்த வகையில் ரொம்பவே ஏமாற்றியது. உன் எல்லா வேதனைக்கும் காரணம் நானே என்று அதன் வில்லன் ப்ளோஃபெல்ட் சொன்ன பிறகு 'காசினோ ராயல்' பார்த்தால் புதிதாக என்ன தெரிகிறது? ஒன்றுமில்லை. வெஸ்பர் பூட்டிக்கொண்ட அந்தக் கதவின் கனம்தான் குறைகிறது.

உங்களுக்கு எப்படி? எந்தப் படம், எத்தனாவது தடவை, எந்த இடம் என்று சொல்லுங்கள்.

* * *

நான் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். அதனால் 'குவாண்டம் ஆஃப் சோலஸ்' மீது எனக்குத் தனிக் கோபம் இருந்தது. ஆரம்பக் கார் துரத்தலில் எந்தக் கார் முன்னால், எது பின்னால் என்றே தெரியாமல் வெட்டியிருப்பார்கள். ஒரு ஷாட்டைக் கண் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். எழுத்தாளர்கள் வேலைநிறுத்தத்தின் நடுவில் எடுத்த படம், நானும் இயக்குநரும் உட்கார்ந்து காட்சிகளைத் திருத்தினோம் என்று கிரேக்கே பிற்பாடு சொன்னார். 106 நிமிடம்தான், தொடரிலேயே நீளம் குறைந்த பாண்ட் படம். தியேட்டரில் பார்த்துவிட்டு மறந்தும்விட்டேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை 'காசினோ ராயல்' முடிந்த கையோடு, எழுந்துகூடப் போகாமல், இதைப் போட்டேன். முதல் படம் முடிகிற இடத்திலிருந்து கொஞ்ச நேரத்திலேயே இது தொடங்குகிறது. வெஸ்பர் செத்துக் காயம் ஆறவில்லை. அந்த ஆளின் மனநிலையோடு உள்ளே போனால் அந்த அவசர வெட்டுகள்கூட வேறு மாதிரி தெரிகின்றன. நிற்க முடியாத, தூங்க முடியாத ஒருத்தன் பார்க்கிற உலகம் அப்படித்தான் இருக்கும் என்று பட்டது. எடிட்டிங் நல்ல எடிட்டிங் ஆகிவிட்டது என்று சொல்ல வரவில்லை. கார் துரத்தல் இன்னமும் எனக்குக் கண்வலிதான்.

ஆனால் ஆஸ்திரியாவில் பிரகென்ஸ் ஏரி மேடையில் நடக்கும் ஆபரா காட்சிக்காக மட்டும் நான்கு தடவை திரும்பப் போயிருக்கிறேன். பின்னால் மாபெரும் கண் ஒன்று நிற்கிறது, மேடையில் 'டோஸ்கா' ஓடுகிறது. கூட்டத்தில் ஆங்காங்கே உட்கார்ந்திருக்கும் சதிகாரர்கள் காதுக் கருவியில் பேசிக்கொள்கிறார்கள். பாண்ட் நடுவில் புகுந்து பேசியதும் பதறி எழுந்து வெளியேறுகிறார்கள், அவன் ஒவ்வொருவரையும் படம் பிடிக்கிறான். அந்தக் கும்பலைச் சேர்ந்த மிஸ்டர் ஒயிட் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். எல்லாருக்கும் டோஸ்கா பிடிக்காது போலிருக்கிறது என்கிற மாதிரி ஒரு வார்த்தை. முதல் தடவை அந்த ஆளை நான் கவனிக்கவே இல்லை. பிறகு நடக்கும் துப்பாக்கிச் சண்டையில் குண்டுச் சத்தத்தை எடுத்துவிட்டு இசையை மட்டும் ஓடவிட்டிருப்பார்கள். நாதஸ்வரம் ஓடும்போது தாலி கட்டுகிற ஷாட்டில் பேச்சுச் சத்தத்தை முழுக்க இறக்கிவிடுகிற வழக்கத்தை நான் இதிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

மேலே சங்கிலி பற்றி எழுதியவருக்கு ஒரு வார்த்தை. இந்தப் படத்தின் கடைசியில், ரஷ்யாவின் கஸான் நகரத்தில், அதே முடிச்சுச் சங்கிலி இன்னொரு பெண்ணின் கழுத்தில் இருக்கிறது. கொடுத்தவன் அதே ஆள். பணயமாகப் பிடிபட்டதாகச் சொன்னதெல்லாம் நாடகம். பாண்ட் அவனைக் கொல்லாமல் வெளியே வந்து, வெஸ்பரின் சங்கிலியைப் பனியில் போட்டுவிட்டு நடக்கிறான். இதைப் பார்த்துவிட்டு உங்கள் சாப்பாட்டுக் காட்சிக்கு மூன்றாம் தடவை போங்கள். கொடுத்தவன் அதிர்ஷ்டசாலி என்ற அந்த வார்த்தை இன்னும் கொடுமையாகக் கேட்கும்.

* * *

எங்கள் அப்பாவுக்குக் ஷான் கானரிதான் பாண்ட். மற்றவர்கள் எல்லாம் நடிகர்கள். 2012இல் 'ஸ்கைஃபால்' வந்தபோது வற்புறுத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அப்பா பஸ் டிரைவர். படத்தில் பாதிக்கு மேல் ஒரு ஷட்டர் திறந்து அந்தப் பழைய ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பாண்ட் கியர் தலையைத் திறந்து பக்கத்து இருக்கையைத் தூக்கி எறியும் சிவப்புப் பொத்தான் மேல் கட்டைவிரலை வைக்கிறான், தூக்கி எறிந்துதான் பாரேன் என்று எம் சலித்துக்கொள்கிறார். தியேட்டரில் அப்பா சிரித்த பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள். 1964இல் வந்த 'கோல்ட்ஃபிங்கர்' காரும் அந்தப் பொத்தானும் அவருக்கு மனப்பாடம். கடைசியில் அந்தக் கார் எரிந்தபோது, வில்லனைத் திட்டியே விட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு மத்தியானம் டிவியில் போட்டார்கள். நான் காருக்காகக் கூப்பிட்டேன். அப்பா வேறு இடத்தில் பிடித்துக்கொண்டார். குண்டு பட்டு, குடித்து, கை நடுங்கத் திரும்பி வந்த பாண்டுக்கு உடல் தகுதிச் சோதனை வைக்கிறார்கள். உடம்பு ஒத்துழைக்கவில்லை, குறி தப்புகிறது. எம் கூப்பிட்டுத் தேறிவிட்டாய் என்று சொல்லி வேலைக்கு அனுப்புகிறார். தேறவில்லை என்பதைப் பிறகு வில்லன் சில்வாதான் பாண்டிடம் போட்டு உடைக்கிறான். அப்பா ரிமோட்டை வைத்துவிட்டு, "தேறலைன்னு தெரிஞ்சும் அனுப்பியிருக்கா பாருப்பா" என்றார். கடைசி வருடங்களில் கண் பரிசோதனை வரும்போதெல்லாம் அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிட மாட்டார். அந்தப் பலகையில் கீழ் வரிசை எழுத்துகளை முன்கூட்டியே மனப்பாடம் செய்துவிட முடியுமா என்று என்னிடம் ஒரு தடவை கேட்டிருக்கிறார். அது நினைவுக்கு வந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பேசவில்லை.

அதே போல எம் விசாரணைக் குழு முன்னால் டென்னிசனின் கவிதை சொல்கிற இடம். நமக்கு முன்போல் வலு இல்லை, ஆனாலும் நாம் நாம்தான் என்கிற அர்த்தத்தில் வரும். வெளியே பாண்ட் தெருவில் ஓடிக்கொண்டிருக்கிறான். தியேட்டரில் நான் அந்த ஓட்டத்தைத்தான் பார்த்தேன். வீட்டில் எம்மாக வரும் ஜூடி டென்சின் முகத்தைப் பார்த்தேன். கடைசியில் அவர் மேசையில் இருந்த பீங்கான் நாய்பொம்மை பாண்டுக்கு வந்து சேர்வதும் எனக்கு முதல் தடவை சின்ன வேடிக்கையாகத்தான் இருந்தது. குண்டுவெடிப்பில் அவர் அலுவலகமே போய், இந்தப் பொம்மை மட்டும் தப்பியது என்பதை இரண்டாவது தடவைதான் சேர்த்துப் பார்த்தேன். சில்வாவின் எலிக் கதைக்கு எல்லாரும் கைதட்டுகிறார்கள், நல்ல காட்சிதான், ஆனால் எங்கள் வீட்டில் இந்தப் படம் அந்த அம்மாவின் படம்.

* * *

'ஸ்பெக்டர்' பற்றித் தொடங்கியவர் சொன்னதை ஒரு இடத்தில் மறுக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2015இல் நானும் அதைத் தியேட்டரில் பார்த்து அலுத்துத்தான் வந்தேன். அப்போது தணிக்கையில் முத்தக் காட்சிகளைப் பாதியாக வெட்டியிருந்தார்கள், அதனால்தான் அந்தக் காதல் ஒட்டவில்லையோ என்று நினைத்து முழுப் படத்தையும் பிறகு பார்த்தேன். அப்போதும் ஒட்டவில்லை. மெக்சிகோ நகரத் திருவிழாவில் தொடங்குகிற நீண்ட ஷாட் மட்டும் மனசில் நின்றது. (அப்படி ஒரு ஊர்வலம் அந்த ஊரில் அதற்கு முன் இல்லவே இல்லை, படத்தைப் பார்த்துவிட்டு 2016 முதல் நிஜமாகவே நடத்துகிறார்கள்.)

அப்புறம் 'நோ டைம் டு டை'. 2021இல் முகக்கவசத்தோடு பார்த்தேன், 163 நிமிடம், நீளமாக இருக்கிறது என்று கணவரிடம் சொன்னேன். 2023இல் வீட்டில் இரண்டாவது தடவை பார்த்தபோது எனக்கு ஆறாம் மாதம். இத்தாலியின் மடேராவில் பாண்ட் தன் காதலி மேடலினைச் சந்தேகப்பட்டு ரயிலில் ஏற்றி அனுப்புகிற இடத்தில், ரயில் நகரும்போது அவள் கை வயிற்றுக்குப் போகிறது. ஒரு நொடிதான். என் கையும் அங்கேதான் இருந்தது. படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன். சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது என்று அவள் அதற்கு முன்னால் காரில் கெஞ்சுவது, குண்டு துளைக்காத கண்ணாடியில் தோட்டாக்கள் மோதிக்கொண்டே இருக்க அவன் பதில் பேசாமல் உட்கார்ந்திருப்பது, எல்லாம் திரும்பி வந்தது. கடைசியில் மகளின் துணி முயலை எடுத்துத் தன் தோள்பட்டை வாரில் செருகிக்கொள்வானே, அதை முதல் தடவை நான் பார்க்கக்கூட இல்லை. மகளையும் மேடலினையும் தொட்டால் அவர்கள் செத்துவிடுவார்கள் என்ற நிலையில், தொடுவதற்கு அவனிடம் மிச்சம் இருந்தது அந்த முயல் மட்டும்தான்.

இப்போது 'ஸ்பெக்டர்' விஷயம். அதில் ரயிலில் பாண்ட் மேடலினிடம் துப்பாக்கியைக் காட்டும்போது, சின்ன வயசில் அப்பாவைக் கொல்ல ஒருவன் வீட்டுக்கு வந்தான், சமையலறைத் தொட்டிக்கு அடியில் பிளீச்சோடு துப்பாக்கி இருந்தது அவனுக்குத் தெரியாது, அதனால்தான் எனக்குத் துப்பாக்கி பிடிக்காது என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் போவாள். 'நோ டைம் டு டை'யின் முதல் காட்சியே அந்த வீடுதான், அந்தப் பனிதான், அந்தச் சிறுமிதான். அதைப் பார்த்த பிறகு இந்த ரயில் காட்சிக்குத் திரும்பினேன். அவள் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. வந்தவன் பனிக்கட்டி உடைந்து மூழ்கிய தன்னை வெளியே இழுத்துக் காப்பாற்றியதையும் சொல்லவில்லை. ப்ளோஃபெல்ட் காட்சியை விட்டுவிடுங்கள், அது எனக்கும் வேண்டாம். இந்த ஒரு நிமிடத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

* * *

தொடங்கியவன்தான் எழுதுகிறேன்.

நேற்று ராத்திரி சாப்பிட்டுவிட்டு அந்த ரயில் காட்சியை மட்டும் போட்டேன். மூன்று தடவை. மேடலினாக வரும் லியா செய்டூ அந்தத் துப்பாக்கியைக் கையில் வாங்கித் தோட்டாக்களைக் கழற்றுகிற வேகம் இருக்கிறதே, அதை நான் பாண்டுக்குத் தன்னைச் சமமாகக் காட்டுகிற கெத்து என்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். அது அந்த வீட்டில் கற்றுக்கொண்ட கை. சகோதரி சொன்னது சரி. படத்தை மொத்தமாகத் தள்ளிவிட்டேன், இந்த இடத்தை விட்டிருக்கக் கூடாது.

பஸ் டிரைவர் அப்பாவைப் பற்றி எழுதியவர், 'நோ டைம் டு டை'யை அவரோடு பார்த்தீர்களா? டிபி5 மடேரா சதுக்கத்தில் வட்டமடிக்கிற இடத்தில் அவர் என்ன சொன்னார் என்று தெரிந்துகொள்ள ஆசை.