கவுன்சிலருக்கு எங்கே ஓட்டுப் போடுவது?

குழு: தாத்தா வீட்டுப் பிள்ளைகள்
ஞாயிற்றுக்கிழமை காலை

ஜெலுத்தோங் அத்தை: (பலமுறை பகிரப்பட்டது) அவசரம்!! எல்லா இந்தியர்களுக்கும் பகிரவும்!! ஊராட்சி மன்றத் தேர்தல் திரும்ப வருகிறது. உங்கள் வட்டாரக் கவுன்சிலருக்கு ஓட்டுப் போட, 30-ஆம் தேதிக்குள் கீழே உள்ள இணைப்பில் ஐ.சி. (அடையாள அட்டை) எண், வங்கிக் கணக்கு எண் இரண்டையும் பதியுங்கள்.

ஜெலுத்தோங் அத்தை: யாராவது எனக்கும் மாமாவுக்கும் சேர்த்துப் பதிந்து விடுங்கள். என் போனில் அந்தப் பக்கம் திறக்கவே மாட்டேன் என்கிறது.

நான்: திறக்காமல் போனதே நல்லது அத்தை. தொடாதீர்கள். ஓட்டுப் போடுவதற்கு வங்கிக் கணக்கு எதற்கு?

பாப்பா (சட்டம் படிப்பு): பொய்ச் செய்தி அத்தை. இப்போது யாரும் வாக்காளராகப் பதியவே தேவையில்லை. 2021 டிசம்பரிலிருந்து 18 வயது ஆனாலே பெயர் தானாகப் பட்டியலில் ஏறிவிடும். அதைவிட முக்கியம், நம் மலேசியாவில் இப்போது ஊராட்சித் தேர்தல் என்ற ஒன்றே கிடையாது.

ஜெலுத்தோங் அத்தை: ஏன் கிடையாது? நான் போட்டேனே. 2022 கடைசியில் ஒரு தடவை, மறு வருஷம் ஆகஸ்டில் இன்னொரு தடவை. அந்த இரண்டாவது கவுன்சிலருக்கு இல்லையா?

நான்: அது சட்டமன்றத்துக்கு அத்தை. வழக்கமாக ஒரே நாளில் இரண்டு சீட்டும் கொடுப்பார்கள். அந்தத் தடவை நாடாளுமன்றத்தைக் கலைத்தபோது பினாங்கில் சட்டமன்றத்தைக் கலைக்கவில்லை. அதனால் தனித்தனியாக வந்தது.

ஜெலுத்தோங் அத்தை: அப்படியானால் கவுன்சிலருக்கு எங்கே போய்ப் போடுவது?

செந்தூல் அண்ணன்: எங்கேயும் இல்லை அத்தை. உங்களுக்காவது இரண்டு ஓட்டு இருக்கிறது. கே.எல்.-இல் (கோலாலம்பூர்) எனக்கு ஒன்றே ஒன்று. இங்கே சட்டமன்றமும் இல்லை, கவுன்சிலரும் இல்லை. மேயர் மேலிருந்து நியமனம், கூட ஓர் ஆலோசனை வாரியம், அவ்வளவுதான். ஊர் முழுக்க 11 நாடாளுமன்ற உறுப்பினர்கள். கால்வாய் அடைத்தாலும் அவர்களிடம்தான் போய் நிற்க வேண்டும். நாட்டுக்குச் சட்டம் போட அனுப்பிய ஆள் லா, அவரிடம் கொசு மருந்து அடிக்கச் சொல்லிக் கேட்கிறோம்.

ஜெலுத்தோங் அத்தை: கவுன்சிலுக்குப் பிப்ரவரிக்குள் ஒரு வரி, ஆகஸ்டுக்குள் ஒரு வரி என்று நாள் தவறாமல் கட்டுகிறேன். வாங்குகிறவர்களை நான் தேர்ந்தெடுக்கவே இல்லையா? அறுபத்தாறு வயதில் இது எனக்குப் புதுச் செய்தி.

மாமா: கவுன்சிலர்கள் இருக்கிறார்கள். மாநில அரசு நியமிக்கும். கட்சிகள் பெயர் கொடுக்கும், மேலே பார்த்து முடிவு செய்வார்கள். எல்லாம் முறைப்படிதான் நடக்கிறது.

ஜெலுத்தோங் அத்தை: பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு இங்கே எழுதுகிறார் பாருங்கள்.

பாப்பா (சட்டம் படிப்பு): மாமா சொல்வது சரி. 1976-ஆம் ஆண்டு ஊராட்சி மன்றச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. மேயர் அல்லது தலைவர், அவரைத் தவிர 8-இலிருந்து 24 உறுப்பினர்கள் வரை. அதிகபட்சம் மூன்று வருஷப் பதவி. அதே சட்டத்தின் 15-ஆம் பிரிவுதான் ஊராட்சித் தேர்தலுக்கு முடிவு கட்டியது. பினாங்கு அரசு 2012-இல் தனிச் சட்டம் போட்டுத் தேர்தல் நடத்தப் பார்த்தது. 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் மாநிலத்துக்கு அந்த அதிகாரம் இல்லை என்று சொல்லிவிட்டது.

பெரியப்பா: எல்லாரும் 1976-இலிருந்து கதை சொல்கிறீர்கள். கொஞ்சம் இருங்கள், கண்ணாடி எடுத்து வருகிறேன்.

பெரியப்பா: மலாயாக் கூட்டரசில் முதன்முதலாகத் தேர்தல் நடந்தது நம் பினாங்கு ஜார்ஜ்டவுனில்தான், 1951 டிசம்பர் 1. மூன்று வட்டாரங்கள்: தஞ்சோங், கெலாவை, ஜெலுத்தோங். தங்கச்சி, நீ இருக்கும் ஜெலுத்தோங்கே ஒரு தொகுதி! நகராண்மைக் கழகத்தில் 15 பேர், அதில் 9 பேரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள், மற்ற 6 பேர் நியமனம். 1956-இல் எல்லா இடங்களும் தேர்தலுக்கு வந்தன. 1957 ஜனவரி முதல் நாள் ஜார்ஜ்டவுன் மாநகரம் ஆனது. சுதந்திரத்துக்கு எட்டு மாதம் முந்தியே!

பெரியப்பா: அப்பா கவுன்சில் பஸ்ஸில் கண்டக்டர் என்பது உங்களுக்குத் தெரியும். பஸ் மட்டும் இல்லை, மின்சாரம், தண்ணீர் எல்லாமே அன்றைக்குக் கவுன்சில் கையில். காசுள்ள கவுன்சில். தேர்தல் வந்தால் வேட்பாளர் வீட்டு வாசலில் வந்து நிற்பார். அம்மா அவரிடம் வாசல் விளக்கைக் கேட்டார், விளக்கு வந்தது. ஓட்டை அவருக்குத்தான் போட்டாரா என்று அப்பா கடைசி வரை கேட்டுப் பார்த்தார், அம்மா சொல்லவே இல்லை.

நான்: பாட்டி அப்படித்தான்!

பெரியப்பா: இன்னொன்று. ஐம்பதுகளின் கடைசியில் இந்த மாநகரத்துக்கு ஒரு தமிழர் மேயராக இருந்தார். டி. எஸ். இராமநாதன், தொழிற்கட்சிக்காரர். பழைய ஸ்காட் ரோடு இன்றைக்கு அவர் பெயரில்தான் இருக்கிறது. அந்தப் பக்கம் காரில் போகிற நம் பிள்ளைகள் யாருக்காவது தெரியுமா?

பாப்பா (சட்டம் படிப்பு): ஜாலான் டி. எஸ். ராமநாதன்! அவர் மேயரா பெரியப்பா? யாரோ டாக்டர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

செந்தூல் அண்ணன்: கே.எல்.-க்கும் ஒரு கதை உண்டு அப்பா. 1952 பிப்ரவரி நகராண்மைத் தேர்தலில் அம்னோவும் (மலாய்க்காரர் கட்சி) ம.சீ.ச.-வும் (சீனர் கட்சி) சேர்ந்து நின்று 12-இல் 9 இடம் பிடித்தார்கள். பிறகு நாட்டையே ஆண்ட கூட்டணிக்கு அதுதான் தொடக்கம். அப்படிப்பட்ட ஊரில் 1961-உடன் தேர்தலை எடுத்துவிட்டார்கள். ஏணியில் ஏறியவர்களே ஏணியைத் தூக்கிக்கொண்டு போன கதை.

பெரியப்பா: மற்ற ஊர்களில் 1965 மார்ச்சில் நின்றது. இந்தோனேசியாவோடு மோதல் நடந்த நேரம். தற்காலிகமாக நிறுத்துகிறோம் என்றார்கள். அறுபது வருஷம் தாண்டிவிட்டது, இன்னும் தற்காலிகம்தான்.

பெரியப்பா: அதே 1965-இல் ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச விசாரணைக் குழு அமைத்தார்கள். தலைவர் யார்? செனட்டர் ஆதி நாகப்பன். நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மாவின் கணவர். 1968-இல் அறிக்கை கொடுத்தார்கள். தேர்தலைத் திரும்பக் கொண்டு வாருங்கள் என்பதுதான் பரிந்துரை. அரசாங்கம் ஏற்கவில்லை.

செந்தூல் அண்ணன்: தாமான் துன் பக்கம் அவர் பெயரிலும் ஒரு ரோடு இருக்கிறது அப்பா. மேயரும் ரோடு, அறிக்கை எழுதியவரும் ரோடு. அந்த ரோட்டுக் குழியை மூடுவது யார் என்று மட்டும் நாம் முடிவு செய்ய முடியாது.

மாமா: எல்லாரும் சந்தோஷமாகப் பேசுகிறீர்கள். நான் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நாளைக்கே தேர்தல் வருகிறது என்று வையுங்கள். நமக்கு எத்தனை இடம் கிடைக்கும்?

மாமா: பினாங்கில் நாம் பத்தில் ஒரு பங்குதான். அதுவும் ஓரிடத்தில் இல்லை. ஜெலுத்தோங்கில் நாலு புளோக், குளுகோரில் கொஞ்சம், ஆயர் ஈத்தாமில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கிறோம். எந்த வட்டாரத்தைப் பிரித்தாலும் நாம் பெரும்பான்மை இல்லை. இப்போது நியமனம் என்பதால் கட்சிக்காரன் பட்டியல் போடும்போது ஓர் இந்தியர் பெயரையாவது சேர்த்தே ஆக வேண்டியிருக்கிறது. தேர்தல் என்றால் யார் ஜெயிப்பாரோ அவருக்குத்தான் டிக்கெட். இருபது வருஷம் கட்சிக் கிளையில் இருந்தவன் சொல்கிறேன், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் யாரும் கைதட்டாதீர்கள்.

ஒரு பத்து நிமிஷம் யாரும் எதுவும் எழுதவில்லை.

பாப்பா (சட்டம் படிப்பு): மாமா, அப்போதும் நாம் சிறுபான்மைதானே? சீனர்கள் அதிகம் உள்ள ஊரில் இராமநாதன் எப்படி மேயர் ஆனார்?

மாமா: அங்கேதான் விஷயம் இருக்கிறது பாப்பா. அன்றைக்கு மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஜெயித்த கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். கட்சி சொன்னது, கை தூக்கினார்கள்.

பெரியப்பா: மச்சான், கை தூக்கினார்கள் சரி. கவுன்சிலுக்குள் போகாமல் மேயராக முடியாதே? 1956-க்கு அப்புறம் கவுன்சிலில் நியமன இடமே இல்லை. தமிழர் அல்லாதவர்களும் ஓட்டுப் போட்டிருந்தால்தான் அவர் உள்ளே போயிருக்க முடியும். தொழிலாளிக்குத் தொழிலாளி என்று பார்த்துப் போட்ட காலம்.

மாமா: அந்தக் காலம் வேறு மச்சான். துறைமுகத்தில் எல்லாரும் ஒன்றாக மூட்டை தூக்கினார்கள். இப்போது ஒரே லிஃப்டில் போகிறவர்கள் முகம் பார்ப்பதில்லை.

செந்தூல் அண்ணன்: மாமா சொல்வதில் பாதி உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் மற்ற பாதியையும் பாருங்கள். நியமித்த இந்தியக் கவுன்சிலர் யாருக்குப் பயப்பட வேண்டும்? தன் பெயரை அடுத்த பட்டியலில் எழுதப் போகிறவருக்கு. கோயில் நிலமோ, அங்காடிக் கடை லைசென்ஸோ என்று நம் பிரச்சினை வந்து, கட்சி வாயை மூடு என்றால் அவர் மூடித்தான் ஆக வேண்டும். ஜெலுத்தோங்கில் 300 இந்திய ஓட்டு இருந்தால் போதும், நம் ஆள் ஜெயிக்காவிட்டாலும், ஜெயிக்க நினைக்கிற சீனரும் மலாய்க்காரரும் அத்தை வீட்டுப் படி ஏறுவார்கள். இன்றைக்கு யார் ஏறுகிறார்கள்?

ஜெலுத்தோங் அத்தை: ஆறாவது மாடி. லிஃப்ட் வேறு அடிக்கடி நின்றுவிடுகிறது. ஒருவரும் வருவதில்லை.

மாமா: 300 ஓட்டு ஒன்றாக விழுந்தால்தானே? நம் ஆட்கள் எப்போது ஒன்றாகப் போட்டார்கள்?

நான்: வேடிக்கை என்னவென்றால், இதே பயத்தை மற்றவர்கள் வேறு பக்கமிருந்து சொல்கிறார்கள். நகரங்களில் சீனர்கள் அதிகம், தேர்தல் வந்தால் அவர்களே எல்லாவற்றையும் பிடித்துவிடுவார்கள் என்கிறார்கள். 2018-இல் புது அரசாங்கம் வந்ததும் மூன்று வருஷத்தில் ஊராட்சித் தேர்தல் திரும்பும் என்று துறை அமைச்சர் சொன்னார். அந்த டிசம்பரிலேயே பிரதமர் மகாதீர், இனப் பூசல் வரும் என்று சொல்லி வேண்டாம் என்றுவிட்டார். எல்லா இனமும் தனக்குத் தோல்வி வரும் என்று பயப்படுகிற தேர்தல் இது ஒன்றுதான் போலிருக்கிறது.

பெரியப்பா: 1951 மாதிரி செய்யட்டுமே. 9 பேர் தேர்தல், 6 பேர் நியமனம். நியமன இடத்தைச் சின்னச் சமூகங்களுக்கும் ஊனமுற்றோருக்கும் ஒதுக்கட்டும். மச்சான் கவலையும் தீரும்.

மாமா: அதற்கு நான் சம்மதம்.

ஜெலுத்தோங் அத்தை: சம்மதிக்காமல் என்ன? அந்த ஆறு பேரில் ஒருவராக வரலாம் என்று கணக்குப் போட்டிருப்பார்.

செந்தூல் அண்ணன்: அத்தை!!

மாமா: (இந்தச் செய்தி அழிக்கப்பட்டது)

பாப்பா (சட்டம் படிப்பு): அத்தை, தேர்தல் இல்லாவிட்டாலும் ஒன்று செய்யலாம். மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தவை என்று அதே 1976 சட்டம் சொல்கிறது. மூடிய கூட்டம் என்று அவர்கள் தீர்மானம் போட்டால் ஒழிய யாரும் போய் உட்கார்ந்து கேட்கலாம். பேச முடியாது, பார்க்கலாம்.

ஜெலுத்தோங் அத்தை: பேசாமல் இரண்டு மணி நேரம் உட்காரவா? உன் மாமாவை அனுப்புகிறேன்.

மாமா: கவுன்சில், மேயர் என்று பேசுகிறீர்களே, நம் பிளாட்டில் வருஷா வருஷம் ஜே.எம்.பி. (அடுக்குமாடிக் கூட்டு நிர்வாக அமைப்பு) தேர்தல் நடக்கிறது. பினாங்கிலேயே நமக்கு நேரடி ஓட்டு இருக்கிற ஒரே உள்ளூர்த் தேர்தல் அதுதான். போன தடவை எத்தனை வீட்டுக்காரர்கள் வந்தார்கள்? கீழே மண்டபத்தில் நாற்காலிதான் அதிகம்.

பாப்பா (சட்டம் படிப்பு): அதுவும் சட்டத்தில் இருக்கிறது மாமா, 2013 அடுக்குமாடி நிர்வாகச் சட்டம். ஓட்டுரிமை உள்ளவர்களில் பாதிப் பேர் வர வேண்டும். அரை மணி நேரம் காத்திருந்தும் வராவிட்டால், வந்தவர்களே போதும் என்று கூட்டத்தை நடத்தலாம். பத்துப் பேர் வந்தால் அந்தப் பத்துப் பேர்தான் எல்லா முடிவும் எடுப்பார்கள்.

ஜெலுத்தோங் அத்தை: அந்தப் பத்துப் பேர்தான் நாலு வருஷமாகப் பணத்தை வைத்துக்கொண்டு லிஃப்டுக்கு டெண்டர், டெண்டர் என்கிறார்கள். கமிட்டியில் நிற்க என்ன வேண்டும் பாப்பா? பெரிய படிப்பு ஏதாவது?

பாப்பா (சட்டம் படிப்பு): படிப்பு எதுவும் கேட்பதில்லை. வீட்டு உரிமையாளராக இருக்க வேண்டும்.

ஜெலுத்தோங் அத்தை: வீடு என் பேரில்தான் இருக்கிறது. பாயான் லெப்பாஸ் பேக்டரியில் ஓவர்டைம் செய்து வாங்கியது. நான் நிற்கிறேன்.

நான்: நில்லுங்கள் அத்தை! நான் வந்து கை தூக்குகிறேன்.

பாப்பா (சட்டம் படிப்பு): நீங்கள் கை தூக்க முடியாது அண்ணே, உங்களுக்கு அங்கே வீடு இல்லை. அத்தை, இன்னொன்று முக்கியம். பராமரிப்புக் கட்டணம் பாக்கி இருந்தால் ஓட்டுக் கிடையாது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே எல்லாம் கட்டி முடித்திருக்க வேண்டும்.

ஜெலுத்தோங் அத்தை: நமக்கு ஏது பாக்கி? மாதா மாதம் மாமா கையில் காசைக் கொடுத்து விடுகிறேனே.

ஜெலுத்தோங் அத்தை: ஏங்க?

செந்தூல் அண்ணன்: மாமா ‘எழுதுகிறார்’ என்று காட்டுகிறது. நிற்கிறது. மறுபடியும் காட்டுகிறது.

மாமா: ஐந்து மாசம்தான். கிளைக் கூட்டத்துக்கு ஒரு கூடாரம் போட வேண்டியிருந்தது.

பெரியப்பா: மச்சான், குழுவில் இருக்காதீர்கள், கொஞ்ச நேரம் கீழே காப்பிக் கடைக்குப் போய்விடுங்கள்.

ஜெலுத்தோங் அத்தை: கூட்டம் 23-ஆம் தேதி. பாப்பா, ஆன்லைனில் கட்டலாமா, கவுண்டருக்கே போக வேண்டுமா? பில்லைப் படம் பிடித்து அனுப்புகிறேன். மாமா சாயங்காலத்துக்குள் அந்தக் காசை உன் கணக்கில் போட்டுவிடுவார்.