உதவி: வளைகாப்புக்கு நூல் வளையல் செய்கிறேன். நூல் தளர்கிறது, கல்லைச் சுற்றி வெள்ளைப் படலம்

வேளச்சேரி மாடிவீடு (செவ்வாய், இரவு 10.40)
எல்லோருக்கும் வணக்கம். நாத்தனாருக்கு வளைகாப்பு, இன்னும் 12 நாள்தான் இருக்கிறது. தாம்பூலப் பையில் போட ஆளுக்கு ஒரு ஜோடி சில்க் த்ரெட் வளையல் (பிளாஸ்டிக் வளையலில் நூல் சுற்றிச் செய்வது) நானே செய்து தருகிறேன் என்று மாமியார் முன்னால் வாயை விட்டுவிட்டேன். 40 பேர், அதாவது 80 வளையல்.

இதுவரை 14 முடித்திருக்கிறேன். செய்த அன்றைக்குப் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் நாள் எடுத்துப் பார்த்தால் உள்பக்கம் நூல் தொளதொளவென்று இருக்கிறது. விரலால் தள்ளினால் ஒரு பக்கமாக ஒதுங்கி, நடுவில் பிளாஸ்டிக் தெரிகிறது. அப்புறம் குந்தன் கல் ஒட்டிய இடத்தில் கல்லின் மேலும் சுற்றியுள்ள நூலிலும் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி இருக்கிறது. மெரூன் நூலில் அது பளிச்சென்று தெரிகிறது. துடைத்தாலும் போகவில்லை.

நூல் ஒட்ட பேப்ரிக் க்ளூ, கல் ஒட்ட இன்ஸ்டன்ட் க்ளூ. இரண்டுமே பாரிமுனையில் வாங்கியவை. பசை போலியா? கடையில் போய்ச் சண்டை போடலாமா என்று யோசிக்கிறேன்.

சும்மா வந்தவன் (செவ்வாய், இரவு 11.05)
80 வளையலைக் கடையிலேயே வாங்கிவிடலாமே? நாராயண முதலி தெருவில் டஜன் கணக்கில் கொட்டிக் கிடக்கிறது.

வேளச்சேரி மாடிவீடு (செவ்வாய், இரவு 11.12)
வாங்கலாம். ஆனால் மாமியார் ஊரெல்லாம் சொல்லி முடித்துவிட்டார்.

பெரம்பூர் நூல்கண்டு (புதன், காலை 6.50)
கடைக்காரரை விட்டுவிடுங்கள், சண்டையெல்லாம் அப்புறம். முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். நூலை எத்தனை இழையாகச் சுற்றுகிறீர்கள்? பசையை நூலில் தடவுகிறீர்களா, வளையலில் தடவுகிறீர்களா? வளையலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தீர்களா? முடித்ததும் எங்கே வைக்கிறீர்கள்?

எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது. இப்போது சில்க் த்ரெட் என்று விற்பதில் பாலியஸ்டரும் கலந்து வருகிறது. பாலியஸ்டர் வழுக்கும், பேப்ரிக் க்ளூ அதில் ஊறாது. ஒரு விரல் நீளம் நூலை வெட்டி, இடுக்கியில் பிடித்து, சிங்க்குக்கு மேலே வைத்து நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரியும் வாசனை வந்து சாம்பல் பொடியாக உதிர்ந்தால் ரேயான், அதாவது செயற்கைப் பட்டு. உருகிச் சுருண்டு கெட்டியான மணியாக நின்றால் பாலியஸ்டர். முடி கருகும் நாற்றம் வந்தால் நிஜப் பட்டு. அது மட்டும் உங்களுக்கு வராது, அந்த விலைக்கு யாரும் பட்டு தர மாட்டார்கள்!

வேளச்சேரி மாடிவீடு (புதன், பிற்பகல் 2.20)
அக்கா, பரீட்சை முடிந்தது. காகித வாசனை, சாம்பல் ஊதினால் பறந்துவிட்டது. மெரூன், கிளிப்பச்சை இரண்டுமே அப்படித்தான். அப்படியென்றால் ரேயான் தானே?

20 இழை. நாற்காலியின் இரண்டு கைப்பிடியிலும் மாற்றி மாற்றிச் சுற்றி, ஒரு பக்கம் வெட்டிக்கொள்கிறேன். பசை நூலில்தான் தடவுகிறேன். முழு நீளத்துக்கும் தடவி, ஈரமாக இருக்கும்போதே நன்றாக இழுத்து இழுத்துச் சுற்றுவேன். உப்புத்தாள் போடவில்லை, வளையல் புதிதுதானே என்று விட்டுவிட்டேன். முடித்ததும் மழைக்காற்று படக்கூடாதென்று தீபாவளிக்கு வந்த ஸ்வீட் டப்பாவில் போட்டு இறுக்கமாக மூடி வைக்கிறேன்.

கெமிஸ்ட்ரி மிஸ் (புதன், மாலை 5.35)
அந்த ஸ்வீட் டப்பாதான் உங்கள் வெள்ளைப் படலத்துக்குக் காரணம். பசை போலி இல்லை.

இன்ஸ்டன்ட் க்ளூ என்பது சயனோஅக்ரிலேட். அது காய்வதே காற்றிலும் பொருளின் மேலும் இருக்கும் ஈரத்தால்தான். காயும்போது கொஞ்சம் ஆவியாகவும் கிளம்பும். அந்த ஆவி வெளியில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து, வெள்ளைத் தூளாகப் பக்கத்திலேயே படிந்துவிடும். பசை அதிகமானால் ஆவியும் அதிகம். காற்றில் ஈரம் அதிகமானால் படிவதும் அதிகம். ஐப்பசி மழையில் சென்னைக் காற்று எப்படி இருக்கும் என்று நான் சொல்லவேண்டியதில்லை, அப்பளம் நமத்துப் போகும் வேகத்தைப் பார்த்தாலே தெரியும். அதிலும் ஆவி வெளியே போக வழியில்லாமல் டப்பாவை மூடினால் மொத்தமும் கல் மேலேயே வந்து உட்காரும்.

கல்லுக்கு அந்தப் பசையே வேண்டாம். நகை செய்கிறவர்கள் பயன்படுத்தும் பி-7000 வகைப் பசை வாங்குங்கள். குழாயிலேயே ஊசி மாதிரி மூக்கு இருக்கும். படலம் படியாது. தொட்டால் காய்ந்த மாதிரி சீக்கிரமே தெரியும், ஆனால் முழு பலம் வர 24 முதல் 48 மணி நேரம் ஆகும். அதுவரை கல்லை நகத்தால் நெம்பிப் பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

பழசைக் காப்பாற்ற ஒரு வழி உண்டு. உலர்ந்த பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேயுங்கள், மேலோட்டமாக இருப்பது உதிரும். பிறகு காது குடையும் பஞ்சில் ஒரு பொட்டு தேங்காய் எண்ணெய் தொட்டு, கல்லின் முகத்தில் மட்டும் தடவித் துடையுங்கள், மங்கல் தெரியாது. நூலில் பட்டால் கறை நிற்கும். நெயில் பாலிஷ் ரிமூவர் பக்கமே போகாதீர்கள். அதிலிருக்கும் அசிட்டோன் பிளாஸ்டிக் கல்லையும் அரிக்கும், அடியில் இருக்கும் வெள்ளிப் பூச்சையும் எடுத்துவிடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சிந்திய இன்ஸ்டன்ட் க்ளூவைப் பருத்தித் துணியாலோ பஞ்சாலோ துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டால் சட்டென்று சூடாகும், கை சுடும் அளவுக்கு. விரல் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரியுங்கள்.

பெரம்பூர் நூல்கண்டு (புதன், இரவு 9.15)
மிஸ் கல்லைப் பார்த்துக்கொண்டார், நூலுக்கு நான் வருகிறேன். என் பாலியஸ்டர் சந்தேகம் தப்பு. ஆனால் ரேயான் என்று தெரிந்ததும் காரணம் பிடிபட்டுவிட்டது.

ரேயான் நனைந்தால் பலம் குறையும், இழுத்தால் நீளும். நீண்டது காய்ந்த பிறகு முழுதாகப் பழைய அளவுக்கு வராது. பேப்ரிக் க்ளூவில் தண்ணீர் இருக்கிறது. நீங்கள் 20 இழையையும் அதில் குளிப்பாட்டி, ஈரத்தோடு இழுத்து இழுத்துச் சுற்றியிருக்கிறீர்கள். அன்றைக்கு விறைப்பாக இருந்த நூல் காய்ந்ததும் தொங்காமல் என்ன செய்யும்? இறுக்கமாக இருக்கவேண்டும் என்று நீங்கள் பட்ட பாடே அதைத் தளர்த்திவிட்டது.

பிளாஸ்டிக்கும் ஒரு காரணம். புது வளையலில் அச்சிலிருந்து எடுக்கும்போது பட்ட பிசுக்கு மிச்சம் இருக்கலாம், மேலும் வழவழப்பு. உள்பக்கம் மட்டும் 220 நம்பர் உப்புத்தாளால் பத்து பன்னிரண்டு தடவை தேய்த்து, பாத்திரம் கழுவும் திரவத்தில் கழுவி, நன்றாகக் காயவிடுங்கள்.

நான் சுற்றும் விதம் இப்படி. வெட்டிய நூல்கட்டின் ஒரு முனையைக் கதவுத் தாழ்ப்பாளில் முடிந்து, புதிதாக ஒரு பேன் சீப்பு வாங்கி (சிரிக்காதீர்கள்) மேலிருந்து கீழாக இரண்டு முறை வாருவேன். 20 இழையும் முறுக்கில்லாமல் ரிப்பன் மாதிரி தட்டையாகப் படியும். பசை வளையலின் உள்பக்கத்தில் மட்டும்தான். அதையும் தீக்குச்சியால் 3 செ.மீ. நீளத்துக்கு, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் தடவவேண்டும். உடனே சுற்றக்கூடாது. ஒன்றிரண்டு நிமிடம் விட்டால் வெள்ளை நிறம் மங்கி, விரல் வைத்தால் பிசுபிசுவென்று பிடிக்கும். அப்போது காய்ந்த நூலைச் சுற்றுங்கள். இழுக்கவேண்டாம், கட்டைவிரலால் நீவிக்கொண்டே வந்தால் போதும். வெளிப்பக்கம் ஒரு துளி பசைகூட வேண்டாம்.

உள்பக்கம் நூல் ஒன்றன்மேல் ஒன்று ஏறத்தான் செய்யும், பயப்படாதீர்கள். 2 மி.மீ. தடிமன் வளையலில் உள்சுற்றளவைவிட வெளிச்சுற்றளவு 12 மி.மீ.க்கு மேல் அதிகம். வெளியே பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உள்ளே நெருக்கியடிக்கும். உள்ளே சரியாக வைக்கப் பார்த்தால் வெளியே இடைவெளி விழும். கண்ணுக்குத் தெரிவது வெளியேதான், அதைப் பாருங்கள்.

அது சரி, அளவு என்ன வாங்கினீர்கள்?

வேளச்சேரி மாடிவீடு (புதன், இரவு 9.40)
அதை ஏன் கேட்கிறீர்கள். 2.4, 2.6, 2.8 கலந்து வாங்கிவரச் சொல்லி வீட்டுக்காரரை அனுப்பினேன். அவர் ஒரு டஜன் 2.10 வாங்கி வந்திருக்கிறார். “2.4-ஐவிடச் சின்னது, குழந்தைகளுக்கு ஆகும்” என்றார். போட்டுப் பார்த்தால் முழங்கை வரை ஏறுகிறது!

பெரம்பூர் நூல்கண்டு (புதன், இரவு 9.52)
கணக்குப் பாடத்தில் அவர் சரி, வளையல் கடையில் தப்பு. அது தசமப் புள்ளி இல்லை. 2.10 என்றால் இரண்டு அங்குலமும் பதினாறில் பத்துப் பங்கும். உள்விட்டம் சுமார் 66.7 மி.மீ. வரும். 2.8 என்றால் 63.5, 2.6 என்றால் 60.3, 2.4 என்றால் 57. நூல் சுற்றினால் உள்ளே இன்னும் கொஞ்சம் இறுகும், அதனால் வழக்கமாக 2.6 போடுகிறவர்களுக்கு 2.8 கொடுங்கள். எல்லோருக்கும் தனித்தனியாக அளவு கேட்டுக்கொண்டிருக்க முடியாது. பெரும்பாலும் 2.6-உம் 2.8-உம் வைத்துச் சமாளித்துவிடலாம்.

மயிலை மாமி (வியாழன், காலை 5.45)
குறுக்கே பேசுகிறேன் என்று நினைக்காதே கண்ணு. 80 வளையல் எதற்கு? ஒன்றுக்கு 25 நிமிடம் என்றாலும் 33 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வீட்டில் பிள்ளைத்தாய்ச்சியை வைத்துக்கொண்டு அடுப்படி வேலையும் இருக்கும். வளைகாப்புக்குக் கண்ணாடி வளையல்தானே முக்கியம்? ஆளுக்கு நூல் வளையல் ஒன்றே ஒன்று செய், அதற்கு இரண்டு பக்கமும் அதே நிறக் கண்ணாடி வளையல் சேர்த்து ஒரு ரிப்பனால் கட்டு. பார்க்கவும் லட்சணம், போட்டால் சத்தமும் கேட்கும். நூல் வளையல் சத்தம் போடாது, அதுதான் அதில் எனக்குப் பிடிக்காதது. உன் மாமியாரிடம் நான் சொன்னேன் என்று சொல்.

வேளச்சேரி மாடிவீடு (சனி, இரவு 8.30)
மாமியின் பேச்சை மாமியார் ஒரே வரியில் ஒத்துக்கொண்டார்: “பிளாஸ்டிக்கை மட்டும் எப்படிக் கொடுப்பது என்று எனக்கே உறுத்தலாகத்தான் இருந்தது.” இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்!

இன்று காலை ஹைகோர்ட் மெட்ரோவில் இறங்கி நடந்தே போய் பி-7000 வாங்கினேன். நல்லவேளை, ஞாயிறு வரை தள்ளிப் போடவில்லை, அங்கே பாதிக் கடை ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும். பிறகு சோதனைக்கு மூன்று வளையல் செய்தேன். முதலாவது அக்கா சொன்ன மாதிரி அச்சு அசலாக. இரண்டாவதில் உப்புத்தாள் மட்டும் போடவில்லை. மூன்றாவதை உப்புத்தாள் போட்டு, பழையபடி நூலை நனைத்துச் சுற்றினேன். மூன்றையும் படுக்கையறையில் ஏசியை ட்ரை மோடில் வைத்துக் காயவிட்டேன். மாலையில் நகத்தால் தள்ளிப் பார்த்தால் முதலாவது அசையவே இல்லை. இரண்டாவது லேசாக நகர்கிறது. மூன்றாவது இப்போதே தொளதொள.

ஒரே ஒரு சிக்கல் பாக்கி. சுற்றி முடிக்கும் இடத்தில் நூல்முனை பிசிறு பிசிறாக நிற்கிறது.

பெரம்பூர் நூல்கண்டு (சனி, இரவு 9.05)
முனையை வெளிப்பக்கம் கொண்டுவரவே கூடாது. உள்பக்கத்தில் சாய்வாக வெட்டி, ஆரம்பித்த இடத்தைத் தாண்டி ஒரு செ.மீ. மேலே ஏற்றி ஒட்டுங்கள். மெழுகு தடவிய காகிதம் ஒரு துண்டு வைத்து, துணி க்ளிப்பால் பத்து நிமிடம் கவ்விவிடுங்கள். காகிதம் இல்லாமல் க்ளிப் போட்டால் க்ளிப்பும் வளையலும் ஒன்றாகிவிடும், என்னிடம் அப்படி ஒன்று இருக்கிறது.

கெமிஸ்ட்ரி மிஸ் (சனி, இரவு 9.20)
மூன்று வளையல் சோதனைக்கு முழு மதிப்பெண். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது என் வகுப்பிலேயே பலருக்கு வராது. 48 மணி நேரம் ஆகும் முன் எதையும் மூடி வைக்காதீர்கள், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

வேளச்சேரி மாடிவீடு (அடுத்த வெள்ளி, இரவு 11.15)
43 முடிந்தது, மூன்று உபரி. பழைய 14-இல் ஒன்பதை நூலைப் பிரித்துவிட்டு மறுபடி சுற்றினேன். பிரித்த நூல் உதவவில்லை, பசை காய்ந்து குச்சி மாதிரி ஆகிவிட்டது. மீதி ஐந்து, கல்லில் எண்ணெய் தொட்டுத் துடைத்து, வீட்டு மனிதர்களுக்கென்று வைத்துவிட்டேன். நாத்தனார் இப்போதே ஒன்றைப் போட்டுக்கொண்டு கழற்ற மாட்டேன் என்கிறாள், பாத்திரம் கழுவும்போது மட்டும் கழற்றச் சொல்லியிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி. அந்த ஒரு டஜன் 2.10-ஐ என்ன செய்வது? வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்தால் திருப்பிக் கொடுக்கச் சொல்லவும் மனம் வரவில்லை.

மயிலை மாமி (சனி, காலை 5.50)
மிச்ச நூலை அதில் சுற்றி, ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக மூன்று மூன்றாகக் கோர்த்து, கடைசி வளையலில் குஞ்சம் கட்டு. நாலு சரம் வரும். வாசலுக்கு இரண்டு, மணைக்குப் பின்னால் இரண்டு. அதற்கு அளவெல்லாம் யார் பார்க்கப் போகிறார்கள்.