சுற்றுச்சூழல் அறிவியலை இளநிலையிலேயே எடுக்கலாமா?

நொய்யல்கரை:
அனைவருக்கும் வணக்கம். என் மகள் இவ்வாண்டு பன்னிரண்டாம் வகுப்பை உயிரியல் பிரிவில் முடித்திருக்கிறாள். மருத்துவத்தில் அவளுக்கு நாட்டமில்லை, பி.எஸ்சி. சுற்றுச்சூழல் அறிவியல்தான் படிப்பேன் என்று உறுதியாக நிற்கிறாள். நாங்கள் திருப்பூர்க்காரர்கள். 2011-இல் மாசு காரணமாகச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது வேலையிழந்து பல மாதம் வீட்டிலிருந்தவன் நான் என்பதால், சுற்றுச்சூழல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குச் சற்றுக் கலக்கம் வருவதுண்டு. அதை ஒதுக்கிவைத்துவிட்டே கேட்கிறேன்: இப்படிப்பை முடித்தவர்கள் உண்மையில் எங்கே வேலை பார்க்கிறார்கள்?

ஆய்வகவாசி:
ஐயா, உங்களுக்கு வேலை போகக் காரணமான அதே உயர் நீதிமன்ற உத்தரவுதான் எனக்கு வேலை கொடுத்தது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் பட்டறைகள் மீண்டும் இயங்க முடிந்தது. அதனால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் உப்பைப் பிரிக்கும் ஆர்.ஓ. சவ்வுகளும் நீரை ஆவியாக்கும் கருவிகளும் ஓயாமல் ஓடுகின்றன, அவற்றுக்குள் போகும் நீரையும் வரும் நீரையும் தினமும் சோதிக்க ஆள் தேவைப்படுகிறது. நான் அப்படியொரு நிலையத்தின் ஆய்வகத்தில் இருக்கிறேன். பி.ஓ.டி. சோதனைக்கு, அதாவது நீரிலுள்ள கழிவைச் சிதைக்க நுண்ணுயிரிகள் எவ்வளவு ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன என்று அளப்பதற்கு, 300 மி.லி. புட்டியில் காற்றுக்குமிழி புகாமல் நீரை நிரப்பி, 27 டிகிரி வெப்பத்தில் 3 நாள் வைத்திருந்து, பின்னர் தயோசல்பேட் கரைசலைச் சொட்டுச்சொட்டாக விட்டு நீல நிறம் மறையும் அந்த ஒரு சொட்டுக்காகக் கண் இமைக்காமல் காத்திருக்க வேண்டும். இது முழுக்க வேதியியல். நேர்காணலில் என்னிடம் ஓசோன் படலத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை; கரைசலின் செறிவைக் கணக்கிடும் நார்மாலிட்டி கணக்கைத்தான் போடச் சொன்னார்கள். எனவே இளநிலையில் வேதியியலும் முதுநிலையில் சுற்றுச்சூழல் அறிவியலும் படிப்பதே நல்லது என்பேன்.

களத்துமேடு:
மேலே உள்ள கருத்தில் பாதியை ஏற்கிறேன். நான் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை தயாரிக்கும் ஆலோசனை நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன். மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி சுரங்கம், சிமென்ட் ஆலை, 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடம் போன்றவற்றுக்கு முன் அனுமதி பெற வேண்டும் என்பதால்தான் எங்கள் தொழிலே இருக்கிறது. காற்று, நிலத்தடி நீர், மண், மரஞ்செடி, ஊர் மக்களின் பிழைப்பு ஆகிய அனைத்தும் ஒரே அறிக்கைக்குள் வரும். இவற்றை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க, தொடக்கத்திலிருந்தே இப்பாடத்தைப் படித்தவர்களுக்கே எளிதாக வருகிறது. ஆனால் தொடக்கச் சம்பளம் குறைவு. காற்று மாதிரிக் கருவியோடு 24 மணி நேரம் ஏதோ ஒரு மொட்டைமாடியில் காத்துக்கிடக்கவும் நேரிடும். அறிக்கைக்குப் பணம் கொடுப்பவரே அனுமதி கேட்பவரும் என்பதால் மனச்சாட்சிக்கும் அவ்வப்போது சோதனை வரும். இதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள். பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களில் முதல் 1,000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்புகளை விளக்கும் நீடித்தநிலை அறிக்கை தர வேண்டுமென்று பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி விதித்த பிறகு, நிறுவனங்களுக்குள்ளேயும் இப்படிப்புக்குக் கொஞ்சம் மதிப்பு கூடியிருக்கிறது.

தேர்வுமேசை:
அரசுப் பணியில் விருப்பமிருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். இந்திய வனப்பணித் தேர்வுக்குத் தாவரவியல், விலங்கியல், வேதியியல், இயற்பியல், கணிதம், புவியமைப்பியல், புள்ளியியல், கால்நடை அறிவியல் ஆகியவற்றில் ஒன்றாவது பட்டப்படிப்பில் பாடமாக இருந்திருக்க வேண்டும், அல்லது வேளாண்மை, வனவியல், பொறியியல் பட்டம் இருக்க வேண்டும். அப்பட்டியலில் சுற்றுச்சூழல் அறிவியல் என்ற பெயரே இல்லை! கல்லூரி ஆசிரியராக விரும்பினால் கவலையில்லை; அதற்கான தகுதித் தேர்வான யு.ஜி.சி. நெட் தேர்வில் இது தனிப்பாடமாகவே உள்ளது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியப் பணிகளுக்கு வேதியியல், விலங்கியல் முதுநிலைப் பட்டதாரிகளோடும் போட்டியிட வேண்டியிருக்கும், அதுவும் எப்போதாவது வரும் அறிவிப்புக்கு.

நொய்யல்கரை:
மூவருக்கும் நன்றி. நேற்றிரவு இவற்றை அவளுக்குப் படித்துக் காட்டினேன். வனப்பணிப் பட்டியலைக் கேட்டதும் முகம் வாடியவள், பிறகு வேதியியலுக்கே விண்ணப்பிக்க ஒப்புக்கொண்டாள். முதுநிலையில் தன் விருப்பத்தில் குறுக்கிடக் கூடாது என்று நிபந்தனையும் போட்டிருக்கிறாள். ஆய்வகவாசி அம்மா அவர்களே, நீலம் மறையும் அந்தச் சொட்டைப் பார்க்க வேண்டும் என்கிறாள். வெளியாட்களை உங்கள் ஆய்வகத்துக்குள் அனுமதிப்பார்களா?