நாகர்கோவில் கோட்டாறு கம்போளத்துல (சந்தையில) பூட்டின கடைகளைத் திறக்க வழி சொல்லுங்க

வணக்கம் மக்களே. அப்பா காலத்துக் கடை எங்களுது. கதவா வரிசையாச் சொருகுற நிரைப்பலகை ஒவ்வொண்ணுக்கும் நம்பர் உண்டு, வரிசை மாறினா கதவு சேராது. பக்கத்துல மூணு கடை பூட்டிக் கிடக்கு. வாடகைக்குக் கேட்டு இளவட்டங்க வாராங்க. ஆனா சொத்து பல வாரிசுகள் பேர்ல, பாதிப்பேர் வெளிநாட்டுல. கையெழுத்து வாங்க முடியல.

கோணத்துல உள்ள மாவட்டத் தொழில் மையம் வழியா யு.ஒய்.இ.ஜி.பி. (வேலையில்லாத இளைஞர்களுக்கான வேலைவாய்ப்பு உருவாக்கும்) திட்டத்துல 25 சதவீத மானியம் உண்டு. வாடகை ஒப்பந்தம் இல்லாம அந்த இளவட்டங்க மனு போடவே தயங்குறாங்க. கூட்டுச்சொத்துக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதி வாடகைக்கு விட்டவங்க இருந்தா, எப்படிச் செஞ்சீங்கன்னு சொல்லுங்க. பழைய ஓட்டுக்கூரை வேலை தெரிஞ்ச ஆசாரியும் வேணும். டிசம்பர் 3, சவேரியார் கோயில் திருவிழாவுக்கு முன்ன ஒரு கடையாவது திறக்கணும்.