உதவி: விலையான தண்டர்போல்ட் கேபிளிலும் எஸ்.எஸ்.டி. 40 மெகாபைட்டுக்கு மேல ஏறுதில்லை

இரணைமடு:
லப்டொப்பில தண்டர்போல்ட் 4 போர்ட் (யூ.எஸ்.பி.-சி வடிவந்தான், வேகம் கூட). 10 ஜிகாபிட் யூ.எஸ்.பி. கேஸுக்குள்ள 1 டி.பி. என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. (வேகமான டிஸ்க்) போட்டிருக்கு. கலியாண வீட்டு வீடியோ கொப்பி பண்ணேக்க செக்கனுக்கு 40 மெகாபைட்தான் வருது. கேபிள் 2 மீற்றர், தலையில மின்னல் குறியும் 3 எண்டும் இருக்கு. இதே கேபிளில தண்டர்போல்ட் டொக் (மொனிட்டருகளை இணைக்கிற பெட்டி) கொழுவினா ரெண்டு மொனிட்டரும் ஒழுங்கா ஓடுது. அப்ப கேஸ்தான் பழுதோ? மாத்துறதெண்டா கொழும்புக்குத்தான் அனுப்பவேணும்.

மாங்குளம்:
அனுப்பாதேங்கோ தம்பி, கேஸில பிழையில்லை. கேபிளும் பழுதில்லை, இந்த வேலைக்குப் பொருந்தாது, அவ்வளவுதான்.

தண்டர்போல்ட் 3 கேபிள் அரை மீற்றர் வரைக்கும் வெறும் கம்பியிலயே 40 ஜிகாபிட் கொண்டுபோகும், யூ.எஸ்.பி. 3-உம் போகும். 2 மீற்றருக்கு அதே வேகம் வேணுமெண்டா ரெண்டு தலைக்குள்ளயும் சிப் வைச்சு சிக்னலைத் தூக்கிவிடுவினம். அந்தச் சாதிக் கேபிளுகளில அனேகம் யூ.எஸ்.பி. 3-ஐ விடாது. உங்கட கேஸ் தண்டர்போல்ட் பேசாததால யூ.எஸ்.பி. 2-க்கு, அதாவது 480 மெகாபிட்டுக்கு இறங்குது. கணக்குக்கு 60 மெகாபைட், கைக்கு வாறது 40 சொச்சம். டொக் தண்டர்போல்ட் எண்டபடியால் அதுக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

கேஸோட வந்த கட்டைக் கேபிளைக் கொழுவிப் பாருங்கோ. போன் சார்ஜர் கேபிள் வேண்டாம், அதுகளிலயும் அனேகம் 480தான். 2 மீற்றர் கட்டாயம் எண்டா தண்டர்போல்ட் 4 கேபிள் எடுங்கோ, அது ரெண்டையும் விடும்.

வவுனிக்குளம்:
மாத்தியும் 40 எண்டா, கேபிள் தலையைக் கழட்டித் தலைகீழாக் கொழுவுங்கோ. 10 ஜிகாபிட்டுக்கு யூ.எஸ்.பி.-சி போர்ட்டில ஒரு பக்கத்து ஊசிகள்தான் வேலை செய்யும். அந்தப் பக்கம் கிறவல் புழுதி அடைஞ்சால் 480-தான் மிஞ்சும். திருப்பினதும் வேகம் வந்தால் லப்டொப்பை நிப்பாட்டிப்போட்டு மரப் பல்லுக்குத்தியால மெதுவாத் துப்பரவாக்குங்கோ. குண்டூசி தொடவே கூடாது.

பிறகு புதுக் கேஸ் எடுக்கேக்க '20 ஜிகாபிட்' எண்டு எழுதியிருக்கிறதைப் பார்த்துக் காசைக் கூடக் குடுக்காதேங்கோ. தண்டர்போல்ட் 4 போர்ட்டில அது 10-லதான் ஓடும். கூட வேணுமெண்டா 40 ஜிகாபிட் யூ.எஸ்.பி. 4 இல்லாட்டி தண்டர்போல்ட் கேஸ்.

இரணைமடு:
கட்டைக் கேபிளில 980 வருது, நன்றி அண்ணை. ஆனா பெரிய கோப்பு பாதி போனதும் 300-க்கு விழுது. கேஸும் நல்லாச் சுடுது.

மாங்குளம்:
டிஸ்கின்ர சூட்டைக் காட்டுற கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ எண்ட மென்பொருளைத் திறந்துவைச்சுக்கொண்டு கொப்பி பண்ணுங்கோ. 50 பாகையில நிக்கேக்கயே விழுந்தால் டிஸ்கின்ர வேகமா எழுதுற பகுதி நிரம்பியிருக்கும். அதுக்குக் கேஸால ஒண்டும் செய்யேலாது. கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானே காலியாகும், டிஸ்கையும் முட்ட நிரப்பாதேங்கோ.

70-ஐத் தாண்டினாப் பிறகு விழுந்தால் சூடுதான். கேஸைத் திறந்து தெர்மல் பாட்டை (சிப்பின்ர சூட்டை மூடிக்குக் கடத்துற மெத்தைத் துண்டு) பாருங்கோ. ரெண்டு பக்கத்துப் பிளாஸ்டிக் தாளும் உரிச்சிருக்கோ? கன இடத்தில ஒண்டை உரிக்காமலே மூடிவிடுவினம். பாட் சிப்பையும் தொடவேணும், அலுமினிய மூடியையும் தொடவேணும். இடைவெளி தெரிஞ்சால் கொஞ்சம் தடிச்ச பாட் வாங்கிப் போடுங்கோ.