மூத்தவன் தேசியப் பாடசாலை, இளையவள் கரையோரப் பாடசாலை

தரம் 5 புலமைப்பரிசில் முடிவு வந்தால் யாழ்ப்பாணத்தில் எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுத்தான்: எந்தப் பள்ளிக்கூடம் நல்லது? என் பிள்ளைகள் இருவரும் இரண்டு விதமான பள்ளியில் படித்தவர்கள், அதனால் எழுதுகிறேன்.

மூத்தவன் வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்து நகரத்துத் தேசியப் பாடசாலை ஒன்றுக்குப் போனான். இளையவளுக்குச் சில புள்ளிகள் குறைந்துவிட்டன. பாசையூர்ப் பக்கம், நடந்தே போகக்கூடிய மாகாணப் பாடசாலையில் சேர்த்தோம். அன்றிரவு நான் அழுதேன்.

மூத்தவனின் வகுப்பில் நாற்பதுக்கு மேல் பிள்ளைகள். கணக்கில் அவன் பின்தங்கியதை ஒரு தவணை முழுக்க யாரும் எங்களிடம் சொல்லவில்லை. அவனைத் தூக்கி நிறுத்தியது பின்னேர ரியூசன்தான். ஆய்வுகூடம், நூலகம், விளையாட்டு எல்லாம் அங்கே நன்றாகவே இருந்தன, அதை மறுக்க மாட்டேன்.

இளையவளின் வகுப்பில் பதினெட்டுப் பேர். இரண்டு நாள் போகாவிட்டால் கணித ரீச்சர் வீட்டுக்கே வந்துவிடுவார். தகப்பனோடு கடலுக்குப் போகத் தொடங்கிய பெடியன்களையும் அவர்தான் போய்க் கூட்டிவந்து, பதினோராம் வகுப்பு முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்கு இருத்தினார்.

மகள் சாதாரண தரத்தில் நன்றாகச் செய்தாள். ஆனால் அது 1சி வகைப் பாடசாலை, உயர்தரத்தில் கலையும் வணிகமும் மட்டும்தான். உயிரியல் படிக்க, விஞ்ஞானப் பிரிவும் உள்ள 1ஏபி வகைப் பாடசாலைக்கு மாறினாள். அவளின் உயர்தர முடிவு இப்போது அந்தப் பெரிய பள்ளியின் கணக்கில்தான் இருக்கிறது. ஆறாம் வகுப்புக்கு முன் ஒருமுறை, பதினோராம் வகுப்பு முடிந்து ஒருமுறை என்று கெட்டிக்காரப் பிள்ளைகளைக் கொடுத்துவிட்டு நிற்கிற பள்ளியை, மதிலில் கட்டும் பதாகையை வைத்து எப்படி ஒப்பிடுவது?

யாராவது கேட்டால் இப்போது இதைத்தான் சொல்கிறேன். சாதாரண தரத்தில் எத்தனை பேர் 9 ஏ, அதாவது ஒன்பது பாடத்திலும் ஏ, என்று கேட்காதீர்கள். ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் பதினொன்று வரை நின்றார்கள், பரீட்சைக்கு இருந்தவர்களில் எத்தனை பேர் உயர்தரத்துக்குத் தகுதி பெற்றார்கள், கணிதத்தில் எத்தனை பேர் சித்தி என்று கேளுங்கள்.

*

மேலே எழுதிய அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் நெடுந்தீவில் நான்கு வருடம் படிப்பித்தவன். குறிகட்டுவானில் படகு ஏறினால் ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பயணம். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, நகரிலிருந்து வரும் ஆசிரியர் வரமாட்டார், அன்று விஞ்ஞானப் பாடமும் நடக்காது. ஒருவர் இடமாற்றம் பெற்றுப் போனால் அடுத்தவர் வரும்வரை அந்தப் பாடம் அப்படியே கிடக்கும். ஆனால் அந்தப் பிள்ளைகள் எழுதுவதும் நகரத்துப் பிள்ளைகள் எழுதும் அதே வினாத்தாள். பல்கலைக்கழக அனுமதிக்கும் அதே யாழ் மாவட்ட வெட்டுப்புள்ளிதான், நெடுந்தீவுக்கென்று வேறு இல்லை.

என்னிடம் படித்த ஒரு பிள்ளை சாதாரண தரக் கணிதத்தில் 'சி' (திறமைச் சித்தி) எடுத்தாள். முடிவு வந்த அடுத்த நாள் காலை நான் படகால் இறங்கியபோது, அவளின் தாய் இறங்குதுறையில் எனக்காகக் காத்து நின்றார்.